ஆறினால் இறங்கும் முள்

நர்சிங் ஹோமுக்கு அனுப்பிய பதினெட்டு சிலிண்டர்களும் மறுநாள் காலையிலேயே திரும்பி வந்துவிட்டன. எனக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. டில்லி ஓரத்தில் ஒரு ஆக்சிஜன் ஃபில்லிங் பிளான்ட். எழுபதுகளின் கடைசி, ஜூன் மாதம். ஒவ்வொன்றிலும் நூற்றைம்பது கிலோ பிரஷர் இருக்க வேண்டும். பிரஷர் மீட்டரின் முள் எதிலும் நூற்று முப்பதைத் தாண்டவில்லை.

ஃபில்லர் மாரிமுத்து தருமபுரிக்காரர். சிலிண்டருக்கு ஈரச் சாக்கைச் சுற்றி, வால்வை மெல்லத் திறந்து, நிதானமாகத்தான் நிரப்புவார். முந்தின நாள் ஆர்டர் குவிந்ததால் நான்தான் அவரை விரட்டினேன்.

"சாக்கெல்லாம் வேணாம், ஜல்தி விடுங்க."

"வேகமா உட்டா சூடாயிரும் சார். ஆறுனா முள்ளு எறங்கிரும்."

"இப்ப நூத்தம்பது காட்டுதில்ல? மூடுங்க."

மூடினார்.

மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "யே சோரி ஹை!" இது திருட்டு என்று மேசையைத் தட்டினார். மாரிமுத்து வாயுவைத் திருடி வெல்டிங் பட்டறைக்குக் கொடுத்துவிட்டாராம்.

மாரிமுத்து என்னைக் காட்டினார். "சார் பக்கத்துலயே இருந்தாரு. அவருக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும்தான். பி.எஸ்ஸி. இயற்பியலில் PV = nRT என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். சிலிண்டரின் கொள்ளளவு மாறாது. உள்ளே சூடு ஏறினால் அழுத்தம் ஏறும், ஆறினால் இறங்கும். சூட்டில் ஏறிய முள்ளை நம்பி, வாயுவைக் குறைவாக அடைத்துவிட்டோம். தப்பு என்னுடையது. ஆனால் எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. "செக் பண்ணிச் சொல்றேன் சார்" என்றேன். கோழைத்தனம், வேறென்ன? அன்று மதியமே மாரிமுத்துவின் கேட் பாஸைப் பிடுங்கி அனுப்பிவிட்டார்கள்.

நான்காம் நாள்தான் துணிச்சல் வந்தது. ஒரு சிலிண்டரை வேகமாக நிரப்பி, நூற்றைம்பதில் மூடி சீல் வைத்தேன். மறுநாள் காலை மேனேஜரைக் கூட்டிவந்து காட்டினேன். சீல் அப்படியே இருந்தது. முள் நூற்று முப்பதில் நின்றது. நான் விரட்டியதையும் சொன்னேன்.

"அச்சா," என்றார். பிறகு, "புலாவோ உஸ்கோ," அவனைக் கூப்பிடு என்றார்.

ஆர்.கே.புரத்துக்கு அப்பால் மாரிமுத்துவின் ஜுக்கிக் குடிசை. அன்றே நான் தேடிப் போனபோது அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்துதான் சார் ஊருக்கு ரயில் ஏறுனாரு. அக்கம்பக்கத்துல திருடன்னு பேசுனத அவரால தாங்க முடியல. மூணு நாளு வாசல்லயே குந்தியிருந்தாரு. 'சார் படிச்சவரு, எடுத்துச் சொல்லி ஆளனுப்புவாரு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

ஊருக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை, அவரும் வரவில்லை.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். சோதனை, நிரூபணம் எல்லாம் பிறகு இருக்கட்டும். பழி சுமந்தவர் உங்கள் எதிரில் நிற்கும்போதே வாயைத் திறந்துவிடுங்கள். நான் பேசுவதற்கு ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். அவரால் மூன்று நாள்தான் காத்திருக்க முடிந்தது.