கல்யாணத்துக்குக் கொடுத்த மலைப்படம்

என் அப்பாவின் தொழில் ஊரை விற்பது. கோபம் வரும்போது அம்மா அப்படித்தான் சொல்லுவாள். திருவண்ணாமலை சன்னதித் தெருவில், கிழக்கு கோபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. மலை, கோபுரங்கள், தேர், குளம் என்று ஊரில் அசையாமல் நிற்பதையெல்லாம் அப்பா படம் பிடிப்பார். அவற்றைப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் அடைத்தும், பலகையில் ஒட்டியும், குங்குமச் சிமிழ் மூடியில் பதித்தும் வெளியூர்க்காரர்களுக்கு விற்பார். உள்ளூர்க்காரர்கள் யாரும் வாங்க மாட்டார்கள். தலையைத் தூக்கினால் தெரிகிற மலையைக் காசு கொடுத்து வாங்க எங்களுக்கென்ன பைத்தியமா என்பார்கள். அவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருக்கும் என்பது வேறு விஷயம்.

அப்போதெல்லாம் கறுப்பு வெள்ளைப் படம்தான். வீட்டுக் குளியலறைதான் டார்க் ரூம். உள்ளே சிவப்பு பல்பு எரிந்தால் எவ்வளவு அவசரமானாலும் கதவைத் தட்டக்கூடாது. படம் எடுப்பது அப்பா, பிரிண்ட் போட்டுக் கழுவிக் காயவைப்பது அம்மா. தீபப் படத்துக்கு மட்டும் அவளுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. மலையுச்சியில் எரியும் கார்த்திகை தீபம் படத்தில் வெறும் வெள்ளைப் பொட்டாகத்தான் விழும். அதற்கு மெல்லிய பிரஷ்ஷால் செம்மஞ்சள் வண்ணம் ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுடரை எழுப்பிவிடுவாள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஓர் ஐப்பசி மாதம், கீழ்பென்னாத்தூர் மண்டிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலையை மூட்டை மூட்டையாக வாங்கி விற்பவர். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். ஒரே மகளின் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தாம்பூலத்தோடு சட்டம் போட்ட தீபப் படம் ஒன்று கொடுக்க வேண்டும் என்றார். எவர்சில்வர் டப்பா கொடுக்கிற காலத்தில் அது புது யோசனை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இது நல்லபடியாக முடிந்தால் கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆர்டர் வரும், வருஷம் முழுக்கத் திருவிழாவையே நம்பிக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நெகட்டிவை, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் அவரே பொருத்தினார். "இதுல மட்டும் கை வெக்காத" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சட்டம் வாங்க மெட்ராஸுக்குப் போனார். அம்மா பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தாள். கூடம், படுக்கையறை, கொல்லைக் கொடி என்று வீடு முழுக்க மலை தொங்கியது. அப்பா திரும்பி வந்ததும், சுடருக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தி, "படம் இன்னாவோ மாதிரி இருக்குதுங்க, ஒருவாட்டி பாருங்களேன்" என்றாள். அப்பா பார்க்கவில்லை. "நான் புடிச்ச படம் எனக்குத் தெரியாதா? நீ கலர் குடுக்கிற வேலையப் பாரு" என்றார். அம்மா அந்த வேலையைப் பார்த்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை எல்லாவற்றையும் வேனில் ஏற்றி அனுப்பியாயிற்று. மிஞ்சிய ஒரு படத்தை அப்பா பெருமையாகக் கடை வாசலில் மாட்டினார். எதிரே பூ விற்கும் அம்மாள் தலைநிமிர்ந்து பார்த்தார். பூக்கூடையை வைத்துவிட்டு எழுந்து வந்து மறுபடியும் பார்த்தார்.

"ஏம்ப்பா, அம்மணி அம்மன் கோபுரம் எப்ப தெக்கால போச்சு?"

அப்பா சிரித்தார். பிறகு கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். அதன் பிறகு சிரிக்கவில்லை. கிழக்கிலிருந்து பார்த்தால் அம்மணி அம்மன் கோபுரம் வலது கைப் பக்கம், வடக்கில் இருக்கும். படத்தில் அது இடது பக்கம் நின்றது. மலைச் சரிவும் அப்படியே மாறியிருந்தது. அப்பா அவசரத்தில் நெகட்டிவை முன்பின்னாகத் திருப்பிச் செருகியிருக்கிறார். தினமும் மலையின் மடியில் விழித்தெழுகிற எங்களில் ஒருவர் கண்ணுக்கும் அது படவில்லை. ஏதோ பட்டவளையும் அப்பா பேசவிடவில்லை.

பூக்கார அம்மாள் குரலைத் தணித்துக்கொண்டார். "இந்த மலைய வலம் வந்தா எடமாத்தானே வரும்? எடமா சுத்துறது சாவுக்குத்தான்ப்பா. கல்யாணத்துக்கா குடுத்திருக்க?"

அப்பா கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். திரும்பப் போட பேப்பர் இல்லை, மெட்ராஸ் போய் வாங்கிவர நேரம் இல்லை. ஒரே ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டார். கீழ்பென்னாத்தூரிலிருந்து பார்த்தால் மலை வேறு மாதிரி தெரியும், அங்கே இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, பேசாமல் இருந்துவிடலாம் என்றார்.

"மாப்பிள்ள வூடு எந்த ஊரு?" என்று அம்மா கேட்டாள்.

மாப்பிள்ளை வீடு திருவண்ணாமலை, தேரடித் தெரு. அப்பா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கோயில் வாசலில் கடை வைத்துக்கொண்டு மலையையே திருப்பிப் போட்டவன் என்று பேர் வந்தால் அதோடு கடையை மூட வேண்டியதுதான். அம்மாவின் கவலை கடையைப் பற்றி மட்டும் இல்லை. "யாராவது கண்டுபுடிச்சா அந்தப் பொண்ணத்தான் ராசி இல்லாதவன்னு சொல்லுவாங்க. காலையில நாமளே போய்ச் சொல்லிடலாம்" என்றாள். அப்பா முடியாது என்றார். அம்மா பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்தாள்.

விடியற்காலை மழையில் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினோம். என்னையும் அழைத்துப் போனார்கள். சின்னக் குழந்தை கூட இருந்தால் யாரும் கைநீட்ட மாட்டார்கள் என்று அப்பா கணக்குப் போட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. வழி முழுக்க நான் மண்டிக்காரரின் கையைத்தான் நினைத்துக்கொண்டே வந்தேன். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை அது.

மண்டிக்காரர் வீட்டுப் பந்தலில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். படங்கள் வாசலருகே தாம்பூலப் பைகளோடு அடுக்கியிருந்தன, இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அப்பாடா என்று மேடையைப் பார்த்தால், மணவறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் மாலை போட்டு ஒரு படத்தை நிறுத்திவைத்திருந்தார்கள். முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பில் சம்பந்திக்கு முதல் மரியாதையாகக் கொடுத்ததாம். அதற்கு நேர் எதிரே மாப்பிள்ளையின் அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா மண்டிக்காரரைத் தேடிப் பிடித்து, மல்லாட்டை மூட்டைகள் அடுக்கியிருந்த அறைக்கு அழைத்துப் போனாள். அம்மாதான் சொன்னாள். "அண்ணா, படம் தப்பாயிடுச்சு. மலை எடம் வலம் மாறிப்போச்சு. எங்க தப்புதான்."

அப்பா செய்த தப்பை "எங்க தப்பு" என்று அவள் சொன்னது எனக்கு அப்போது பிடிக்கவில்லை.

மண்டிக்காரர் கத்துவார் என்று நான் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன். அவர் கத்தவில்லை. அவ்வளவு பெரிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை. "வேற யாருக்கும்மா தெரியும்?" என்று கேட்டார்.

"எதுர்ல பூ விக்கிறவங்களுக்கு மட்டும்தான். அவங்க வாயத் தொறக்க மாட்டாங்க. மேடையில இருக்கிறத எடுத்துடுங்கண்ணா, நாங்க வேற போட்டுத் தர்றோம்."

"இப்ப எடுத்தா ஏன் எடுத்தன்னு கேப்பாங்களே" என்றார்.

முகூர்த்தம் நெருங்கிவிட்டது என்று அவரைக் கூப்பிட்டார்கள். நாங்களும் பின்னால் போய் ஓரமாக நின்றோம். பெண் தலையைக் குனிந்துகொண்டு மணையில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். நேராக அந்த நாற்காலிக்குப் போனார். மாலையை விலக்கிப் படத்தைக் கையில் எடுத்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வைத்துப் பார்த்தார். அப்பா என் தோளை அழுத்திய அழுத்தில் எனக்கு அழுகை வந்தது. மண்டிக்காரர் தாலித் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். தட்டிலிருந்த மஞ்சளரிசி உதிர்ந்துகொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"சம்பந்தி" என்று கூப்பிட்டார் மாப்பிள்ளையின் அப்பா. "தீபத்துக்குக் கலர் யார் குடுத்தது? ஜோராகீது. நம்ம வூட்டுக்கு இன்னும் ரெண்டு ஜாஸ்தியா வெச்சிடுங்க."

படத்தைத் திரும்ப வைத்து, மாலையைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். பிறந்ததிலிருந்து அந்த மலைக்குக் கீழே குடியிருக்கிற மனிதர். கெட்டிமேளம் கொட்டியது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு படங்களைத் தாம்பூலத்தோடு எல்லோருக்கும் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் சுடரைப் பார்த்தார்கள், சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்கள், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பந்திக்குப் போனார்கள். நாங்கள் சாப்பிடாமல் கிளம்பினோம். சாப்பாட்டு வாசனையில் எனக்குப் பசி உயிர்போனது.

பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து மண்டிக்காரர் வேகமாக வருவது தெரிந்தது. மழையில் குடைகூட இல்லை. அப்பா என்னைத் தனக்கு முன்னால் இழுத்து நிறுத்திக்கொண்டார். இனிமேல்தான் அடி என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் ஒன்றும் வராததால் திறந்து பார்த்தேன். பட்டு வேட்டியெல்லாம் சேறாக, அந்த மனிதர் என் அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

"எந்தக் காலத்துலயும் யாருக்கும் சொல்லிடாதீங்க. எம்பொண்ணு அந்த வூட்ல இருக்கணும்."

அம்மா, "உள்ள போங்கண்ணா, உங்களத் தேடுவாங்க" என்றாள். திரும்பிப் போகும்வரை அவர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் நான் நடந்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்தவர்கள்தான் கைகட்டி, கைகூப்பி நிற்போம். அப்படியானால் தப்பு யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "அப்ப, மலையத் திருப்பி வெச்சது அவருதானேம்மா?" என்று கேட்டேன்.

முந்தின நாளிலிருந்து சிரிக்காத அப்பா, பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. அவளும் ஒருநாள் மணையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவள்தான் என்பதோ, என் அப்பாவைப் பெற்றவர்களுக்கு முன்னால் அவளுடைய அப்பா எப்படி நின்றிருப்பார் என்பதோ அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?