மாடிக்கு வழி சொன்ன சாக்ஸ்

எங்கள் மெஸ் முதலில் கீழேதான் இருந்தது. திருவொற்றியூரில், எண்ணூர் போகும் ரோட்டின் மேலேயே. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற இடம். டிரைவர்கள் குதிப்பார்கள், சாப்பிடுவார்கள், ஏறிப் போவார்கள்.

கட்டட ஓனர் கீழ்க் கடையை டயர் கடைக்குக் கொடுத்துவிட்டு என்னை மாடிக்கு ஏற்றினார். அதே அடுப்பு. அதே மீன் குழம்பு. ஆள் மட்டும் வரவில்லை. வந்தவர்கள் டயரைப் பார்த்தார்கள், மெஸ் போய்விட்டது என்று நினைத்து நகர்ந்துவிட்டார்கள். போர்டு மாட்டினேன். டயர் கடை போர்டு அதைவிடப் பெரிசு.

ஆடி முடிகிற வரைக்கும் பார்ப்பது, ஆள் வராவிட்டால் பாத்திரத்தை விற்றுவிட்டு எங்காவது கேன்டீனில் சமைக்கப் போவது என்று முடிவு செய்தேன். அழவில்லை. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பேன். தினமும் வீட்டில் பழையதுதான்.

அப்போதுதான் என் நாத்தனார் ஒரு மூட்டையோடு வந்தாள். யானைக்கவுனி பிளாட்பாரத்தில் பனியன், கர்ச்சீப், சாக்ஸ் விற்பவள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

மூட்டையை அவிழ்த்தாள். கறுப்பு சாக்ஸ். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். விரல் இருந்தது, அடி இருந்தது, குதிகால் இருந்தது. மேலே ஒன்றும் இல்லை.

"மீதி எங்கடி?"

"அவ்ளோதான் அண்ணி. இதுக்குப் பேரு நோ ஷோ. போட்டா வெளிய தெரியாது."

"தெரியாததுக்கு எதுக்குப் போடணும்?"

"ஸ்டைலு அண்ணி! சாக்ஸ் கீது, ஆனா இல்லாத மாரி கீது. வேர்வையப் புடிச்சிக்கும், நாத்தமும் வராது. இத பாரு, குதிகால்ல உள்ளாற ரப்பர் ஒட்டிக்கீது. இது இல்லாங்காட்டி நடக்க நடக்க சுருட்டிக்கினு ஷூவுக்குள்ள பூந்துடும்."

யாரும் வாங்கவில்லையாம். 'பாதி சாக்ஸுக்குப் பாதி விலை சொல்லு' என்று கேட்கிறார்களாம்.

"பெரிய கம்பெனிக்காரன்லாம் பேனா, பை குடுக்கறத வுட்டுட்டான் அண்ணி. இப்ப சாக்ஸ்லதான் பேரு போட்டுக் குடுக்கறான். பேனா தொலைஞ்சுடும். சாக்ஸ தெனம் போடுவான், தெனம் உன்ன நெனைப்பான். உன் மெஸ் பேரப் போட்டு டிரைவருங்களுக்கு ஓசில குடு. ஊரே வரும்."

"தெரியாத சாக்ஸ்ல வெளம்பரமா?"

சாக்ஸைக் கையில் மாட்டிப் பார்த்தாள்.

"போட்டவனுக்குத் தெரியுமில்ல?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். எப்படியும் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. கிளம்பினோம்.

தண்டையார்பேட்டையில் பனியனுக்குப் பிரிண்ட் போடும் பட்டறை ஒன்று. சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிரிண்டுக்காரர், மேலே இடமே இல்லை, உள்ளங்காலில்தான் போட முடியும் என்றார். சரி என்று கடைப் பெயரைச் சொன்னேன். கையில் இருந்ததை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"அம்மன் பேரு! அத காலுக்குக் கீழயா? அதுவும் ஆடி மாசத்துலயா? வேணாங்க்கா, எனக்குக் கண்ணு போயிடும்."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப சோறு படம் போடு நைனா."

"சோத்த மிதிக்கறதா?" என்றேன்.

"மீனு?"

"அதுதான் நமக்குச் சோறு போடுது."

"உன் மூஞ்சி?"

முறைத்தேன்.

"சரி வுடு, எங்கண்ணன் மூஞ்சியப் போடலாம். எவன் மிதிச்சாலும் ஒண்ணும் சொல்லாது."

பிரிண்டுக்காரர் சிரித்த சிரிப்பில் மஞ்சள் மை டப்பா கவிழ்ந்தது. காலில் போடக்கூடியது என்று கடைசியில் மிஞ்சியது ஒரு அம்புக்குறி. அதற்குக் கீழே 'மாடி' என்று ஒரு சொல்.

"எழுத்தும் சரஸ்வதிதாங்க்கா" என்று இழுத்தார் அவர்.

"ரெண்டெழுத்துதான நைனா. மன்னிச்சுடுவா" என்றாள் நாத்தனார்.

அம்பு விரல் பக்கம் பார்த்தபடி அச்சானது.

துறைமுக கேட்டில் ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். டிரைவர்கள் செருப்போடு ஓட்டி வந்து, கேட் நெருங்கியதும் சீட்டுக்கு அடியில் கிடக்கிற சேஃப்டி ஷூவை வெறுங்காலில் மாட்டுவார்கள். அதனால் ஓசி சாக்ஸ் என்றதும் கை நீட்டினார்கள். நாத்தனார் ஒவ்வொரு வண்டியாகத் தொற்றி ஏறிக் கொடுத்தாள். "மாடில மெஸ்ஸு, மறக்காத மாமு!" என்று கத்தினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். மூட்டை காலியானது.

ஒருவரும் வரவில்லை.

சில நாள் கழித்து ஒருவர் வந்தார். கீழே இருந்த காலத்து வாடிக்கை, வயசான டிரைவர். படியேறி மூச்சு வாங்கினார்.

"சாப்பிடவாண்ணா?"

"திட்ட வந்தேன்" என்றார். "இன்னாக்கா சாக்ஸ் இது? ஷூ கணுக்காலுக்கு மேல வரிக்கும் கீது. உன் சாக்ஸ் கீழயே நின்னுடுது. நடுவுல என் தோலு மாட்டிக்கினு பேஜாராவுது. வண்டில ஏறுனதும் ஷூவக் கழட்டிக் கடாசுனாத்தான் உயிரே வருது. எல்லாரும் அப்பிடித்தான் ஷூவ மட்டும் கழட்டிக்கினு கீறானுங்க."

திட்டிவிட்டுச் சாப்பிட்டார். குழம்பு இன்னொரு கரண்டி கேட்டார்.

நாத்தனாரைப் பார்த்தேன். "ஷூ கட்டையா இருந்தாத்தான் அண்ணி இது செட்டாவும்" என்றாள், மெதுவாக. முதலிலேயே சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் பெரிய பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தேன். விற்பதற்கு.

ஆடி முடிய இருந்தது. ஒரு நாள் மத்தியானம் ரோடு மொத்தமாக அடைத்துக்கொண்டது. முன்னே ஏதோ வண்டி படுத்துவிட்டதாம். நல்ல வெயில். ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார்கள். மீன் கழுவின தண்ணீரைக் கொட்ட வெளியே வந்தேன். கீழே பார்த்தேன்.

டிரைவர்கள் இன்ஜினை நிறுத்திவிட்டு சீட்டில் படுத்துவிட்டார்கள். காலை ஜன்னல் வழியாக வெளியே நீட்டியிருந்தார்கள். வண்டிக்கு வண்டி இரண்டு பாதம். கறுப்புப் பாதம். ஒவ்வொன்றிலும் மஞ்சளாக 'மாடி'. அம்பெல்லாம் வானத்தைக் காட்டின. ஒருவர் மட்டும் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவர் அம்பு எண்ணூருக்குப் போகச் சொன்னது.

நான் சிரிக்கிற ஆள் இல்லை. தண்ணீர்ச் சட்டியோடு படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. உள்ளிருந்து நாத்தனார் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். "அய்யோ அண்ணி! கால் மேளா!" என்று கத்திக்கொண்டு என் மேலேயே விழுந்தாள்.

பைக்கில் வந்து நெரிசலில் மாட்டியவர்கள் பாதத்தைப் படித்தார்கள். பிறகு மேலே பார்த்தார்கள்.

"இன்னா மாமு, எல்லாக் காலும் மேல போவச் சொல்லுது?"

"டிக்கெட் வாங்கச் சொல்றானுங்கடா!"

போக்குவரத்து ஏட்டு ஒருவர் வெயிலில் வெந்துகொண்டு வந்தார். ஒரு பாதத்தின் முன் நின்று அம்பைப் பார்த்தார். அடுத்த வண்டியில் அதே அம்பு. அண்ணாந்தார். மேலே இரண்டு பொம்பளைகள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"இன்னாம்மா கீது மாடில?"

"மீன் கொழம்பு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். தெருவுக்கே கேட்டுவிட்டது.

முதலில் பைக்கில் வந்தவர்கள் ஏறினார்கள். படி அதிர்ந்த சத்தத்தில் டிரைவர்கள் விழித்தார்கள். எங்கே ஓடுகிறார்கள் என்று தெரியாமலே ஒருவர் இறங்கி ஓடி வந்தார், செருப்பும் போடாமல். மாடிப்படியில் சாக்ஸ் சாக்ஸாக ஏறியது. ஏட்டு தொப்பியைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்து, "எனக்குத் துண்டு மீனு" என்றார். நாத்தனார் பரிமாறினாள். கவிழ்த்து வைத்த பெரிய பாத்திரத்தை நிமிர்த்தி இரண்டாவது உலை வைத்தேன். அதுவும் தீர்ந்தது. குழம்புச் சட்டியை ஒருவர் சோற்றால் துடைத்தே கொடுத்தார்.

ரோடு திறந்ததும் எல்லோரும் இறங்கிப் போனார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பருக்கை இல்லை. எதிரே டீக்கடைக்குப் போய் பன் வாங்கினோம்.

டீ மாஸ்டர் என்னைப் பார்த்தார். "இன்னாக்கா, மெஸ்ஸ மூடிட்டியா?"

"சோறு தீந்துபோச்சு" என்றேன்.

நாத்தனாருக்கு டீ புரையேறியது. அவள் தலையைத் தட்டினேன். எனக்கும் சிரிப்பு நிற்கவில்லை. மறுநாள் காலையில் பழையதும் இல்லை. சுடச்சுட இட்லி தின்றோம்.