உப்புத் தேய்த்த தொடைகள்

சிவசக்தி பிடிவாதக்காரி என்று எல்ல என்ற மலையூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு நீச்சல் என்று லயத்து வரிசை வீடுகளே முணுமுணுத்தபோதும், பள்ளத்து ஆற்றில் அண்ணன்மாரோடு இறங்கிக் கற்றுக்கொண்டுதான் கரையேறினாள். அது இப்போது கைகொடுத்தது. எல்லயில் புதிதாகக் கட்டிய ஹோட்டல் ஒன்றின் நீச்சல் தடாகத்துக்கு உயிர்காப்பு வேலைக்குப் பெண்களைத் தேடினார்கள்; சிவசக்தியும் பயிற்சியில் சேர்ந்தாள். பயிற்சி முடிந்து சோதனையில் தேறிவிட்டால் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிடலாம். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து கூடை சுமந்தவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இடையில் வந்தது சீருடை. முழங்காலுக்கு நன்றாக மேலேயே நின்றுவிடும் கறுப்புக் காற்சட்டை. அதைப் போட்டுப் பார்த்த அன்று மாலை, மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கும்போது, பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் இருதயம்மாவிடம் கேட்டுவிட்டாள்.

"அக்கா, என் தொடைக்குப் பின்னால ஏதும் அசிங்கமா தெரியுதா?"

பீலியில் பெண்கள் பாவாடையை மார்போடு கட்டிக்கொண்டுதான் குளிப்பார்கள். நனைந்த துணி எதை மறைக்கும்? இருதயம்மா குனிந்து பார்த்தாள். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

"குழி குழியா இருக்குடி. அட்டை குடிச்ச எடம். கெட்ட ரத்தம் உள்ளுக்க தங்கிப்போச்சு. உப்பு பட்டா அட்டை சுருங்குதுல்ல? இதுவும் சுருங்கும். சவர்க்காரத்தோட உப்பப் போட்டு நல்லா தேய்."

மழைக்காலத்தில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் பூசுவதும், மடியில் உப்பு முடிந்துகொள்வதும் வழக்கம். அட்டையை விரட்டும் உப்பு குழியையும் போக்கும் என்று நம்பியதுதான் வினை. இத்தனை அட்டையும் தொடைக்குப் பின்னால் பந்தி போட்டு உட்கார்ந்து விருந்து சாப்பிட்டதா என்று பிடிவாதக்காரி யோசிக்கவில்லை. தேங்காய்த் தும்பை எடுத்துக்கொண்டு மாலைக்கு மாலை தேய்த்தாள். எரிந்தது. எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தேய்த்தாள். குழி அப்படியே இருந்தது. தோல்தான் உரிந்து சீழ் வைத்தது.

அடுத்த பயிற்சியில் தடாகத்தின் குளோரின் மருந்து கலந்த தண்ணீர் பட்டதும் அலறிக்கொண்டு வெளியே வந்தாள். பயிற்சி கொடுக்கும் அஸ்ஹர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்தார்.

"புண்ணோட எறங்க விட மாட்டேன், தங்கச்சி. சோதனை அடுத்த மாசம். அதுக்குள்ள ஆறினா வாங்க. ஆறலைன்னா வேற ஆள எடுத்துருவாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். தன் வேலையைத் தன் கையாலேயே தேய்த்துக் கெடுத்துக்கொண்டோமே என்ற ஆத்திரம். மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்காமல் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

டொக்டர் நளீரா புண்ணுக்கு மருந்து எழுதிவிட்டு, உப்புக் கதையைச் சிரிக்காமல் கேட்டார்.

"இது அட்டையுமில்ல, நோயுமில்ல. செல்லுலைட்ன்னு சொல்லுவாங்க. பஞ்சு மெத்தையில நூல இழுத்துத் தைச்ச எடம் பள்ளமாகும், பக்கத்துல பஞ்சு பிதுங்கும். தோலுக்குக் கீழயும் அப்படி நார் இருக்கு. நார் இழுக்குது, கொழுப்பு பிதுங்குது. அவ்வளவுதான்."

"நான் ஒல்லிதானே, டொக்டர்?"

"ஒல்லியானவங்களுக்கும் வரும். வயசுக்கு வந்த பொம்பிளைங்கள்ல முக்காவாசிப் பேருக்கு மேல இருக்கு. எனக்கும் இருக்கு."

சிவசக்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இத இல்லாம ஆக்க வழியே இல்லையா?"

"கிரீம் பூசினா கொஞ்சம் மங்கலாத் தெரியும், விட்டா பழையபடிதான். மசாஜும் அப்படித்தான். கொழும்புல லேசர் வைக்கிறாங்க, ஊசியால அந்த நார வெட்டி விடுறாங்க. சிலருக்கு வருஷக்கணக்குல நல்லா இருக்கும், சிலருக்குத் திரும்ப வந்துரும். முழுசாப் போகும்னு யாரும் சத்தியம் பண்ண ஏலாது. கால் தசை உரமானா தோல் கொஞ்சம் இறுக்கமாத் தெரியும். ஒண்ணும் செய்யாம விடுறதும் ஒரு வழிதான். நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"மொதல்ல புண்ண ஆத்தப் போறேன்," என்றாள்.

அதையும் பிடிவாதமாகத்தான் செய்தாள். வேளை தவறாமல் மருந்து போட்டாள். புண் உலர்ந்ததும் மலைப் படிகளில் ஏறி இறங்கிக் காலுக்கு உரமேற்றினாள். தண்ணீரில் இறங்க முடியாத குறைக்குப் பழைய தலையணையைப் படுக்க வைத்து, மயங்கியவரின் நெஞ்சை அமுக்கும் பாடத்தைப் பழகினாள். பார்த்துச் சிரித்தவர்களைச் சிரிக்க விட்டாள்.

சோதனை நாளன்று புண் ஆறி, இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல் படர்ந்திருந்தது. குழியும் இருந்தது. தடாகத்தின் விளிம்பில், எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றபோது கை தானாகக் காற்சட்டையைக் கீழே இழுக்கப் போனது. தடாகத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகளில் வெள்ளைக்காரப் பெண்கள் படுத்திருந்தார்கள். கிழவியும் குமரியுமாக எத்தனை தொடைகள், அத்தனையிலும் அதே குழிகள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருத்தி கொட்டாவி விட்டாள். சிவசக்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விசில் ஒலித்தது. பாய்ந்தாள்.

மூழ்குகிறவராக நடித்த அஸ்ஹர் லேசுப்பட்ட ஆளில்லை. தேயிலைச் சாக்கைப் போல் கனத்தார். அவரைக் கரை சேர்த்து, காலை ஊன்றி மேலே தூக்கிப் போட்டாள். எழுந்து உட்கார்ந்த மனுஷன் இருமிக்கொண்டே, "காலா இது, தூணா?" என்றார்.

அன்று மாலை பீலி நிறையப் பெண்கள். சிவசக்தி மறைவு தேடாமல் நடுவில் நின்று தண்ணீர் வார்த்துக்கொண்டாள். இருதயம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"என்னடி, இன்னும் போகலையே அது?"

"அது போகாது அக்கா, ஒங்களுக்கும் இருக்கு, திரும்பிப் பாருங்க," என்றாள் சிவசக்தி. "திங்கக்கெழமையிலருந்து நான்தான் போறேன், வேலைக்கு."