வவுச்சரில் இருந்த பெயர்

இரண்டாயிரத்து எட்டில் என் கணவரின் மருந்துக்கடைக்கு வேண்டிய சரக்கையெல்லாம் கிரெடிட் கார்டில்தான் வாங்கினோம். மாத்தளை டவுனில் அப்போது கார்டு வைத்திருந்தவர்கள் குறைவு. சரக்கு வாங்க வாங்கப் புள்ளிகள் சேர்ந்தன. அந்தப் புள்ளிகளைக் கொடுத்து வெளிநாட்டு ஹோட்டல்களில் தங்கலாம் என்று வங்கி அனுப்பிய புத்தகத்தில் போட்டிருந்தது. அதில் ஒரு லண்டன் ஹோட்டலின் படத்தைப் பார்த்ததும் எனக்கு அக்காவின் நினைவு வந்தது.

எண்பத்து மூன்று கலவரத்தில் அப்பாவின் கடை எரிந்த பிறகு லண்டன் போனவள் அவள். இருபது வருடத்துக்கு மேலாக அங்கே ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்தாள். ஒரு நாளைக்குப் பதினாறு கட்டில்களுக்கு விரிப்பு மாற்றுவாளாம். அவள் குடியிருந்தது ஒற்றை அறையில். அந்த வருடம் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று முடிவானது. துணைக்கு நான் போவதாக ஏற்பாடு. ஆபரேஷனுக்கு முந்திய இரண்டு இரவாவது வேறு யாரோ விரித்துவைத்த கட்டிலில் அவளைப் படுக்கவைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கொழும்பில் இருந்த வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு போன் செய்தேன். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினால் பாட்டு மட்டும் ஓடியது. கடைசியில் சிங்களத்தில் பேசினேன். கார்டு கணவர் பெயரில் இருக்கிறது, தங்கப்போவது நானும் அக்காவும், பரவாயில்லையா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் வெவ்வேறு பெண்கள் பிரச்சினை இல்லை என்றார்கள். ஆனால் ஹோட்டலில் காட்டவேண்டிய சீட்டை, வவுச்சரை, தபாலில் அனுப்பமாட்டார்களாம். நேரில் வந்துதான் வாங்க வேண்டுமாம்.

போனேன். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரைப் பார்த்த சிப்பாய், கொழும்பில் என்ன வேலை என்று கேட்டான். லண்டன் ஹோட்டலுக்குச் சீட்டு வாங்க என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். பஸ்ஸை அனுப்பிவிட்டு என்னை இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஒருவழியாக வங்கிக்குப் போய்ச் சேர்ந்தால், கையெழுத்துப் போடவேண்டிய அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து வவுச்சரைக் கையில் கொடுத்தபோது வங்கி மூடும் நேரம்.

லண்டனில் அக்கா விமான நிலையத்துக்கு வந்திருந்தாள், தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு. நேராக ஹோட்டலுக்குப் போனோம். வரவேற்பில் இருந்த பெண் வவுச்சரை இரண்டு தரம் படித்தாள். இதில் உங்கள் கணவர் பெயர்தான் இருக்கிறது, அவர் வந்தால்தான் அறை தரமுடியும், இல்லையென்றால் வங்கியின் கடிதம் வேண்டும் என்றாள். கணவருக்கு போன் செய்தேன்.

"இன்னைக்கு இங்க பௌர்ணமி போயா, பேங்க் லீவாச்சே. யாருமே போன் எடுக்கிறாங்க இல்ல. நாளைக்குக் காலையில பேசிப் பாக்குறேன்" என்றார்.

நான் அந்தப் பெண்ணிடம் சத்தம் போட்டேன். அக்கா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

"அந்தப் பிள்ளைய ஏசாத. அவ கையில என்ன இருக்கு? நீ என்னைப் பாக்கத்தானே வந்த? வா, என் ரூமுக்குப் போவோம்."

அங்கே அவள் கட்டிலை எனக்கு விட்டுத் தரையில் படுக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. அதற்கும் ஒரு சண்டை. மறுநாள் கணவர் வங்கியைப் பிடித்தபோது, கடிதத்துக்கு மூன்று வேலை நாள் ஆகும் என்றார்களாம். அதற்குள் அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போய்விட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் கூட இருந்துவிட்டு ஊர் திரும்பி வங்கிக்கு எழுதினேன். நீங்கள் ஹோட்டலுக்குப் போகாததால் புள்ளிகள் திரும்பக் கிடைக்காது என்று பதில் வந்தது. போனோம், அங்கே நின்றோம் என்று மறுபடியும் எழுதினேன். அதே கடிதம் தேதி மட்டும் மாறி வந்தது. மூன்றாவதைத் தமிழில் எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. கணவர் விட்டுவிடச் சொன்னார். நான் நேரில் போய்க் கேட்டேன். புள்ளி விஷயத்தை இப்போது வேறொரு கம்பெனிதான் பார்க்கிறது என்று ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார்கள். வாசலிலேயே நின்று அந்த நம்பருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.