சொட்டாத வண்டி

வடசேரி வீட்டு முற்றத்தில் அண்ணனின் லாரி நிற்கும் இடத்தில், டீசல் தொட்டிக்கு நேர் கீழே ஒரு வெள்ளைப் பீங்கான் பேசன் எப்போதும் கிடக்கும். காலையில் எழுந்ததும் அண்ணன் முகம்கூடக் கழுவாமல் குனிந்து அதைத்தான் பார்ப்பான். அடியில் பழுப்பாகக் கொஞ்சம் டீசல் தேங்கியிருக்கும். அதைத் தகரத்தில் ஊற்றி வைத்துவிட்டுப் பேசனைத் திரும்ப அதே இடத்தில் தள்ளுவான். இன்று அண்ணனை நினைத்தால் முகத்துக்கு முன்பாக எனக்கு வருவது அந்தக் குனிந்த முதுகு.

ஆண்டு மாதங்களைச் சரியாக நினைவில் வைத்துக்கொள்வது என் பழக்கம். லாரி வாங்கியது 1954இல். யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலத்தில் விட்ட வண்டி. எங்களிடம் வந்தபோது அதற்கு வயதாகிவிட்டிருந்தது. அண்ணன் அதில் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குக் கருப்பட்டி ஏற்றிப் போவான். வாங்கிய நாள் முதலே அது சொட்டியது. அண்ணனுக்குப் பெண்டாட்டியாக மைனி வந்தது அதற்கு மறு வருடம். எங்கள் கூட்டுக்குடும்பத்தில் ஆண்களுக்கு முன்வாசல், பெண்களுக்கு அடுக்களை. புருஷனும் பெண்டாட்டியும் பகலில் அடுத்தடுத்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கோயிலுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போகும்போது மட்டும் மைனி லாரியின் முன் இருக்கையில் அண்ணன் பக்கத்தில் இருப்பாள்.

கொல்லம் ஆண்டு 1131 பங்குனியில், ஆங்கிலக் கணக்கில் 1956, மைனிக்கு மசக்கை வந்தது. டீசல் வாடை பட்டாலே வாந்தி எடுப்பாள். அண்ணன் சட்டையில் வாடை, கையில் வாடை, அவன் கழற்றிப் போட்ட வேட்டியில் வாடை. ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் எங்களுக்கு வழக்கம். மைனி மூன்றாம் மாதமே புதுக்கடையில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது வாயில் சேலைத் தலைப்பைப் பொத்திக்கொண்டு, "உங்களுக்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல கேட்டேளா, அந்த மூதேவிக்க மேலதான்" என்று லாரியைக் கை காட்டினாள்.

அதற்குப் பிறகு அண்ணன் வாரத்தில் ஒருநாள் புதுக்கடைக்குப் போவான். வண்டியைச் சந்தையில் விட்டுக் குளித்துத் துணி மாற்றிக்கொண்டு போனாலும் மைனி மூக்கைச் சுருக்குவாளாம். மாமனார் தென்னந்தோப்புக்காரர், லாரி ஓட்டுவது அவருக்கு ஒரு தொழிலாகவே படவில்லை. நாலுபேர் இருக்கும்போது சொன்னார்:

"வேய் மருமவனே, புள்ள பொறந்து இருவத்தெட்டாம் நாளு அரைஞாணு கெட்டு களிஞ்சா எம் மவள அனுப்பித்தான் ஆவணும். ஆனா ஒழுகுத வண்டியில ஏத்தமாட்டேன். எனக்க காளவண்டியில கொண்டு விடுவேன். நீரு பொறத்தால ஒம்ம லாரிய உருட்டிட்டு வாரும்."

அன்று அண்ணன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். காளை வண்டிக்குப் பின்னால் லாரி ஊர்ந்து வடசேரிக்குள் நுழைவதை நினைத்தால் எனக்கே கூசியது. அவனுக்கு அது மட்டுமில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மைனி தன் பக்கத்தில் இருந்து வரவேண்டும் என்ற ஆசை, அவன் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

தொட்டியின் கீழ்ப்பக்கம்தான் எப்போதும் ஈரம். ஆகவே ஓட்டை தொட்டியில்தான் என்று முடிவு கட்டினோம். இரண்டுமுறை இறக்கி ஈயம் வைத்துப் பார்த்தாயிற்று. கருப்பட்டி வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு எதையும் ஒட்டவைக்கத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று: சுண்ணாம்பும் கருப்பட்டியும் சேர்த்து இடித்த பசை. கருப்பட்டி டீசலில் கரையாது. அண்ணன் தொட்டியின் விளிம்பெல்லாம் அதை அப்பினான். இரண்டு நாள் வண்டியை எடுக்காமல் காயவிட்டதில் கல்லாயிற்று. பேசன் காய்ந்து கிடந்தது. சாளை மீன் வாங்கி வீட்டில் கொண்டாடினோம்.

மறுநாளே ஆடிச் சாரல் பிடித்தது. டீசலில் கரையாத கருப்பட்டி தண்ணீரில் கரையும் என்பதை, பிறந்தது முதல் கருப்பட்டிக் காப்பி குடித்த நாங்கள் இரண்டுபேரும் யோசிக்கவில்லை. பசை முழுவதும் பாகாக வழிந்து, பேசனில் எறும்பு மிதந்தது. அம்மை வாசலில் நின்று, "ஏலே, டீசல் காப்பி போட்டு வச்சிருக்கியளா?" என்றாள்.

வெயில் வந்ததும் மறுபடி அப்புவோம் என்றான். வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். தொட்டியும் குழாய்களும் துடைத்த வெண்கலம் போல ஆயின. பசைக்கு வேண்டிய சுண்ணாம்புத் தூளைத் தேங்காய்ச் சிரட்டையில் எடுத்து எஞ்சின் பக்கத்துத் தகட்டின்மேல் வைத்திருந்தேன். தொட்டி சூடேறினால் ஈரம் காயும் என்று அண்ணன் எஞ்சினை ஓடவிட்டான். அந்தக் கிழட்டு எஞ்சினின் நடுக்கத்தில் சிரட்டை கவிழ்ந்தது. காற்றாடி விசிறியடித்து எஞ்சின், குழாய், தொட்டி, என் தலை எல்லாம் வெள்ளையாயிற்று.

"கிறுக்குப் பயலே, அத அங்கயா வைப்பா!" என்று கத்திக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். பிறகு மெதுவாக, "மக்கா, இங்க பாரு" என்றான்.

வெள்ளைக் குழாயின் கீழ்ப்புறத்தில் சாம்பல் நிறக் கோடு ஒன்று நீண்டுகொண்டிருந்தது. மிஞ்சிய டீசலை எஞ்சின் தலையிலிருந்து தொட்டிக்குத் திருப்பிக் கொண்டுவரும் மெல்லிய குழாய் அது. கோடு மேலே, எஞ்சினின் கடைசி முனையில் தொடங்கிக் குழாயைப் பிடித்து இறங்கித் தொட்டியின் அடியில் வந்து சொட்டியது. எஞ்சின் ஓடும்போதுதான் கசிவு; அப்போது குழாயில் இறங்கியதுதான் ராத்திரி முழுக்கப் பேசனில் சொட்டியிருக்கிறது. நாங்களோ எப்போதும் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் தேடியிருக்கிறோம்.

அந்த முனையில் இருந்த செம்பு வளையம் இறுக்கி இறுக்கிக் கெட்டிப்பட்டுப் போயிருந்தது. சிரட்டைக் கனலில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகும் என்று அண்ணனுக்குத் தெரியும். கனல் இருந்தது அடுக்களை அடுப்பில். "சோறு பொங்குத அடுப்புலே அது!" என்று அம்மை குறுக்கே நின்றாள். "ஒனக்க பேரப்பிள்ளைக்காக்கும் அம்மா" என்றான். விலகினாள். இளகிய வளையத்தை மாட்டியபின் எஞ்சின் ஓடியும் குழாயில் கோடு விழவில்லை.

புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. ஐப்பசியில் இருபத்தெட்டாம் நாள் புதுக்கடையில் அரைஞாண் கட்டினார்கள். எங்கள் பகுதி சென்னை ராஜ்ஜியத்தோடு சேரும் நாள் நெருங்கியிருந்த சமயம்; விருந்துப் பந்தியில் எல்லோருக்கும் அதுதான் பேச்சு. அண்ணனின் கண் மாமனார்மேலேயே இருந்தது. அவர் கைகழுவிவிட்டு லாரியிடம் வந்தார். எஞ்சினை ஓடவிடச் சொன்னார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டால் தொட்டியின் அடியை அழுத்தித் துடைத்தார். விரித்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்து, "புள்ளய கொண்டாங்கடீ" என்றார்.

முன்னால் அண்ணன், மைனி, குழந்தை. "எஞ்சின் சூடு எனக்கு ஆவாது" என்று சொல்லி அம்மை பின்னால் என்னோடு பாயில் உட்கார்ந்துகொண்டாள். கருங்கல் ஊரில் அண்ணன் வண்டியை நிறுத்தி இறங்கிக் குனிந்து பார்த்தான். தக்கலையில், பத்மநாபபுரத்துக்குத் திரும்பும் முக்கில், மறுபடி. வில்லுக்குறியில் மறுபடி. நானும் ஒவ்வொரு தடவையும் குதித்து இறங்கிக் குனிந்தேன். தொட்டி உலர்ந்திருந்தது. "ஒண்ணும் இல்ல அண்ணா, ஏறு, வெயிலு ஏறுது" என்று விரட்டினேன். அம்மை என்னை ஒருமாதிரியாகப் பார்த்தாள். வீடு வந்ததும் பெண்கள் ஆரத்தியோடு வந்து மைனியையும் குழந்தையையும் உள்ளே கொண்டுபோனார்கள். அண்ணன் வெகுநேரம் வண்டியை விட்டு இறங்கவில்லை.

அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான். லாரி அதற்கு முன்பே கைமாறிவிட்டது. போன மாதம் மைனியைப் பார்க்கப் போயிருந்தபோது, அந்தப் பயணத்தை எழுதப்போகிறேன் என்று சொல்லி, அண்ணன் எங்கெங்கே நிறுத்திப் பார்த்தான் என்று சரிபார்த்துக்கொண்டேன். பழைய கசிவு அவனை அவ்வளவு பயமுறுத்தியிருந்தது என்றேன்.

மைனி சிரித்தாள்.

"பயமா? கருங்கல்லுலயே அவியளுக்குத் தெரியும், ஒழுகல்லண்ணு. சட்டுண்ணு வீடு வந்திரப்பிடாதுண்ணுதான் நிறுத்தினாவ. தக்கலையில எறங்கும்போ எங்கிட்ட சொல்லிட்டுத்தான் எறங்கினாவ. நீருதான் ஏறு ஏறுண்ணு வெரட்டிக்கிட்டு நின்னீரு."