வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான்

என் அக்காவுக்கு வங்கியில் கடன் கிடைத்த அன்று எனக்குப் பொறாமையாக இருந்தது. நகை வாங்கியவளைப் பார்த்து வயிறு எரிபவர்கள் உண்டு, நல்ல இடத்தில் கல்யாணம் ஆனவளைப் பார்த்து எரிபவர்கள் உண்டு. கடன் வாங்கியவளைப் பார்த்து எரிந்தவள் விம்கோ நகரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் என் கல்லூரிக் கட்டணத்தை அரசாங்கமே கட்டிவிடும் என்ற சான்றிதழை வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருந்த நேரத்தில். அந்தச் சான்றிதழை எப்படி வாங்கினேன் என்று சொன்னால்தான் என் லட்சணம் விளங்கும்.

அக்காவுக்கும் எனக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். நைனா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டுகிறார். இரண்டு நாள் வரிசையில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே, “பெர்சு இன்னா பண்து?” என்றுதான் கேட்பார். சின்னது ஒன்று அதே வீட்டில் இருக்கிறது என்பது சாப்பிட உட்காரும்போதுதான் அவருக்கு ஞாபகம் வரும். அவர் அப்படி வேண்டுமென்று செய்யவில்லை என்று இப்போது சொல்கிறேன். அப்போது தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போவேன்.

அக்கா பிளஸ் டூ முடித்த வருஷம் நைனா வண்டியிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து படுத்துவிட்டார். அம்மா ஸ்டேஷன் வாசலில் போட்டிருந்த இட்லிக்கடை ஒன்றுதான் வருமானம். அக்கா கல்லூரிக்குப் போகாமல் மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டும். கால் வீங்கி வருவாள். அம்மா அவளுக்கு மட்டும் தினம் ஒரு முட்டை அவித்துக் கொடுத்தாள். எனக்கு அந்த வீங்கின கால் கண்ணில் படவில்லை, முட்டைதான் பட்டது. சம்பளத்தில் அவள் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினாள். எங்கள் வீட்டின் முதல் ஸ்மார்ட்போன். ரேஷன் கார்டிலிருந்து காஸ் சிலிண்டர் வரை எல்லாவற்றுக்கும் அவள் நம்பரையே கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் நைனா கால் தேறி மறுபடி வண்டி ஏறினார். நானும் பிளஸ் டூ முடித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தோம். அம்மா ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டாள்: “ஒருத்திக்குத்தான் துட்டு கட்ட முடியும். இன்னொருத்தி ஒரு வருசம் கம்பெனிக்குப் போவட்டும்.” யார் அந்த இன்னொருத்தி என்று அவள் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அக்கா தன் ஒரு வருஷத்தை ஏற்கெனவே முடித்துவிட்டாள். அடுத்த முறை என்னுடையது.

பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கப் போனபோது ஆபீஸில் இருந்த கிளார்க் அம்மா ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார். “உங்க வீட்ல யாரும் டிகிரி படிக்கலையே? முதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்கிடு. கவுன்சிலிங்ல சீட்டு கெடைச்சா டியூஷன் ஃபீஸ் உனக்குக் கெடையாது. ஆனா சீக்கிரம் போடு, வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான்.”

வீட்டுக்கு ஒருத்தருக்கு. நாங்கள் இரண்டு பேர். இந்தச் சேதியை வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நைனா “பெர்சுக்கு வாங்கு” என்பார், அம்மா தலையாட்டுவாள். நியாயமும் அவள் பக்கம்தான் இருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. எல்லாம் தெரிந்துதான், இரண்டு நாள் வாயை இறுக்க மூடிக்கொண்டு இருந்தேன்.

சனிக்கிழமை அக்கா கம்பெனிக்குப் போனதும் உறுதிமொழிப் படிவத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பா கையெழுத்து வேண்டும். நைனாவின் வண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நின்றிருந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் முடிவே இல்லாத டிரெய்லர்கள். வண்டி வண்டியாக நம்பர் பார்த்துக்கொண்டே நடந்து, கண்டுபிடித்து, கேபினில் ஏறி உட்கார்ந்தேன்.

“கண்ணாடி வூட்ல கீது. இன்னா பேப்பர் இது?”

“வருமான சர்டிபிகேட்டு நைனா. காலேஜ்ல கேக்கறாங்க.”

“பெர்சுக்கு வாணாவா?”

“அத்த அப்பால வாங்கிக்கலாம்.”

அவர் ஸ்டியரிங் மேல் தாளை வைத்தார். அந்நேரம் பார்த்து முன்னால் நின்ற வண்டி நகர, பின்னால் ஒருத்தன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். நைனா அவனைத் திட்டிக்கொண்டே கையெழுத்தைக் கிறுக்கினார். எழுத்து ஏணி மாதிரி மேலே ஏறிப் போயிற்று. “எறங்கு, எறங்கு, வண்டி எடுக்கணும்,” என்றார். பத்து நிமிஷம்கூட நான் அவருடன் இருக்கவில்லை.

இ-சேவை மையத்தில் எல்லாம் சரியாகப் போனது, ஓடிபி வரும்வரை. ரேஷன் கார்டில் இருப்பது அக்கா நம்பர். அம்மாவின் பட்டன் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். பின்னால் டேப் கிழிக்கிற சத்தம் கேட்டது.

“அக்கா, ஒனுக்கு ஒரு ஓடிபி வந்துகீதா பாரேன்.”

“இன்னாத்துக்குடி?”

“வருமான சர்டிபிகேட்டுக்கு.”

டேப் சத்தம் நின்றது. சூப்பர்வைசர் பார்க்கிறானோ என்னவோ என்று நினைத்தேன். பிறகு ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். “சரியா கேட்டுச்சா? திரும்ப சொல்ட்டா?” என்றாள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

சான்றிதழ் வந்ததும் பள்ளிக்கூடத்திலேயே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் புளுகினேன். அம்மா, “மெய்யாலுமா! அப்போ பெர்சுக்கு?” என்றாள். வீட்டுக்கு ஒருத்தருக்குத்தானாம் என்றேன். அக்கா விரலில் ஒட்டியிருந்த டேப் பசையை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், “சரி, நான் பேங்க் லோன் போட்டு படிக்கிறேன். எங்க கம்பெனில ஒரு அக்காவோட பையன் அப்படித்தான் படிக்கிறான்,” என்றாள்.

லோன் என்றதும் நைனா நடுங்கிப்போனார். எங்களுக்குத் தெரிந்த கடன் எல்லாம் வாரா வாரம் வாசலில் வந்து குந்திக்கொள்ளும் கடன்தான். வங்கி எங்களை உள்ளேயே விடாது என்றுதான் நானும் நினைத்தேன். சொல்லப்போனால் விடக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் நைனா போனார். பான் கார்டு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பான் கார்டு எடுத்துக்கொண்டு போனார். கல்லூரியிலிருந்து கட்டண விவரக் கடிதம் வேண்டும் என்றார்கள், அதோடு போனார். வண்டிக்கு லீவு போட்டுவிட்டு, சித்தப்பா கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அக்காவோடு ஆறு தடவை போனார். இரண்டு தடவை பாரிமுனையில் இருந்த பெரிய ஆபீஸுக்கு. அந்த இரண்டு நாளும் திரும்பும்போது இரண்டு பேரும் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். எனக்குப் பார்சல் வந்தது. நூடுல்ஸ் எல்லாம் ஊறிப்போய், முறுக்கு நமத்துப்போய். நான் தொடவில்லை.

கடைசித் தடவை மேனேஜர் சொன்னாராம், “உங்க பொண்ணு கட்டலைன்னா உங்களைத்தான் கேப்போம்.” அதற்கு நைனா, “கேளுங்க சார். எம் பொண்ணுதான?” என்றாராம். இதை அக்கா வீட்டில் பத்து தடவையாவது சொன்னாள். ஒவ்வொரு தடவையும் என் காதில் புகை வந்தது. எனக்காக யாரும் எங்கேயும் போய் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு கிறுக்கல் கையெழுத்தில் என் வேலை முடிந்துவிட்டது.

இதில் இன்னொரு கூத்து பிறகுதான் தெரிந்தது. சலுகை என்பது டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான். பஸ் கட்டணம், பரீட்சைக் கட்டணம், புத்தகம் எல்லாம் நம் தலையில். கடனிலோ ஹாஸ்டல் வரும், சாப்பாடு வரும், லேப்டாப்கூட வரும். அக்கா கோயம்புத்தூருக்குப் புது லேப்டாப்போடு ரயில் ஏறினாள். நான் பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரிக்கு, விடிந்ததும் விடியாததுமாக, அம்மா கட்டிக் கொடுத்த இட்லியோடு பஸ் ஏறினேன். நான்கு வருஷமும் தோழிகளின் லேப்டாப்பை இரவல் கேட்டே ஓட்டினேன். அவள் ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்று அனுப்பும் போட்டோவில் பின்னால் மலை தெரியும். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மணலிப் புகைபோக்கி தெரியும். திருடினவளுக்கு இட்லி, திருட்டுக் கொடுத்தவளுக்கு மலையா என்று நானே என்னிடம் சண்டை போடுவேன்.

படிப்பு முடிந்து எனக்கு ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்தது. அவளுக்குக் கோயம்புத்தூரிலேயே கிடைத்தது. கடன் தவணை அவள் சம்பளக் கணக்கிலிருந்து மாதா மாதம் தானாகப் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் அவள் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து வேலை தேட ஆரம்பித்தாள். நைனா வழக்கம்போல வாசலில், “பெர்சு இன்னா பண்து?” என்றார்.

மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம், ஆபீஸில் இருந்தபோது நைனா போன் செய்தார். அவர் என்னைக் கூப்பிடுவதே அபூர்வம்.

“பேங்க்ல இருந்து பேசினாங்கமா. ரெண்டு தவணை நின்னு போச்சாம். பெர்சு கைல சொல்லாத, மனசு ஒடைஞ்சிடும். நானே கட்டிடுவேன், இந்த மாசம் லோடே இல்ல, பேஜாரா கீது.”

பின்னால் ஹாரன் சத்தம். அதே வரிசையில் எங்கோ நிற்கிறார். அன்றைக்கு நான் ஏறி உட்கார்ந்த கேபின்தான். அன்று அந்தத் தாளில் அக்கா பெயர் இருந்திருந்தால் இந்த போன் அவருக்கு வந்திருக்காது. நான் கட்டிவிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வேலையே ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் அக்கா காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எதிரே குந்தினேன். நான்கைந்து மீன் ஆனதும் சொன்னேன்.

“அந்த சர்டிபிகேட்டு ஸ்கூல்ல வாங்கித் தரலக்கா. நான்தான் போட்டேன். வருமானம்னு பொய் சொல்லி ஒன் கைலயே ஓடிபி வாங்கினேன்.”

“தெரியும்,” என்றாள்.

“எப்போலேருந்து?”

“அன்னிக்கேதான். இன்னா சர்டிபிகேட்டுன்னு மெசேஜுல போட்டுத்தானடி வந்துது. நம்பர படிக்கத் தெரிஞ்சவளுக்கு மேல கீறத படிக்கத் தெரியாதா?”

கத்தரிக்கோல் என் கையிலேயே நின்றுவிட்டது. “அப்போ ஏன் சொன்ன? உட்டுக் குடுத்தியா?”

“உட்டுக் குடுக்கறதாவது! நீ நேரா கேட்டிருந்தா குடுத்தே இருக்க மாட்டேன்.” அவள் ஒரு மீனின் தலையை வெட்டிப் போட்டாள். “எனுக்கும் கம்பெனில சொன்னாங்க, வூட்டுக்கு ஒருத்தருக்குத்தான்னு. நான் மட்டும் வந்து சொன்னனா? போட்டோ எட்த்து பையில வச்சிகினு திரிஞ்சேன், திங்கக்கெழமை லீவு போட்டு போலாம்னு. நீ சனிக்கெழமையே போய்ட்ட. ஓடிபி வர சொல்லோ அந்த பை என் தோள்ல கீது. ஒன்ன இன்னான்னு திட்றது?”

அவளுக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

“ஆனா ஒண்ணு. நாலு வருசமும் ஒன்ன நெனச்சாலே பத்திகினு வரும். நான் தூங்க சொல்லோகூட வட்டி ஏறிகினு கீது, இவ தலைல ஒத்த ரூபா இல்லயேன்னு.”

“என்னப் பாத்தா? நான் ஒன் லேப்டாப்பப் பாத்து, அந்த மலையப் பாத்து… அத்தோவப் பாத்து…”

“அத்தோவா?” என்றாள். “பார்சல் வந்துதேடி ஒனுக்கு.”

அதற்கு மேல் அவளிடம் எப்படிச் சொல்வது? பாதித் தவணையை இனி நான் கட்டுகிறேன் என்றேன். “பாதியா? எனுக்கு வேலை கெடைக்கற வரிக்கும் முழுசா கட்டு. அப்பால பாதி,” என்றாள். நன்றி கின்றி எதுவும் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் லோன் ஃபைலை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். “கணக்கு நம்பர் மொதல் பக்கத்துல கீது. ஏழாந்தேதி கட் ஆவும், ஆறாந்தேதியே போட்டுடு.”

முதல் பக்கத்தில் இரண்டு போட்டோ ஒட்டியிருந்தது. ஒன்று அவளுடையது, நீலப் பின்னணியில், பேக்கிங் கம்பெனி காலத்து ஒட்டின கன்னத்தோடு. “அதான் அந்த போட்டோ,” என்றாள். “வேஸ்ட் ஆவல.”

அதை ஒட்டினாற்போல் நைனா, வெள்ளைச் சட்டையில், தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு. அவர் போட்டோ மேல் பாதியும் தாளில் பாதியுமாக அவர் கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தையும் நிதானமாக, கோடு போட்ட மாதிரி நேராக எழுதியிருந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, மேஜை மேல் வைத்து, என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போட்ட கையெழுத்து. அவருக்கு இப்படி எழுத வரும் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

“எழுதிகினியா நம்பர?” என்று மீனை அலசிக்கொண்டே அக்கா கேட்டாள்.

“எழுதிகினேன்,” என்றேன். எழுதவில்லை.