தட்டிப் பார்த்த விரல்

ராயபுரம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நான் பத்திரம் எழுதிய காலம் அது. குழாய்க் கடை முதலாளி ஒருவர் வயிற்றைப் பிடித்தபடி மச்சானோடு வந்தார். மறுநாள் ஆபரேஷன்; கடையை நடத்த மச்சானுக்கு அதற்குள் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரும்புக் குழாயைத் தட்டி, ஓசையிலேயே விரிசலைக் கண்டுபிடிக்கிற மனிதர். காய்த்துப்போன விரல் முட்டியால் என் மேசையையும் தட்டிக்கொண்டே இருந்தார்.

"கடையை விற்கவும் அதிகாரம்" என்று நான் வாசித்ததும் தட்டல் நின்றது.

"அது இன்னாத்துக்கு சார்?"

"எம்மேல நம்பிக்கை இல்லியா மாமா?" என்று மச்சான் முந்திக்கொண்டான்.

அவர் மச்சானின் மார்பில் இரண்டு தரம் தட்டி, தலையைச் சாய்த்து ஓசையைக் கேட்டார். அவனுக்கு முகம் வேர்த்தது.

"இர்க்கட்டும் சார். நாளைக்குள்ள வேற பைப்புக்கு எங்க போவேன்?" என்று கையெழுத்துப் போட்டார்.

மச்சான் சிரித்தான். எனக்கு இன்றும் பவர் எழுதும்போது அந்த வரியில் பேனா நின்றுவிடுகிறது.